ஜான் மியூர் ட்ரெயில்: முதல்முறை நடப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹேப்பி ஐல்ஸில் தொடங்கி விட்னி மலையின் உச்சியில் முடிகிறது ஜான் மியூர் ட்ரெயில். நீளம் 211 மைல், சுமார் 340 கிலோமீட்டர். உச்சியிலிருந்து கார் வரும் இடமான விட்னி போர்ட்டலுக்கு இறங்க இன்னும் 11 மைல். தொடங்கும் இடம் 4,035 அடி உயரம், முடியும் இடம் 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. பாதை ஊர் எதையும் கடக்காது. பெரும்பகுதியில் போன் சிக்னலும் இருக்காது. நிதானமாக நடப்பவர்களுக்கு 18 முதல் 22 நாள் ஆகும்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் நம் ஆட்களில் பலர் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் பார்த்துவிட்டு, "அடுத்தது ஜான் மியூர்தான்" என்று கிளம்புகிறார்கள். நல்ல ஆசை, தாராளமாக நிறைவேற்றிக்கொள்ளலாம். ஆனால் பாதியில் திரும்பியவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் முதல் நான்கைந்து நாளிலேயே வழியில் வரும் டுவாலமி மெடோஸிலோ ரெட்ஸ் மெடோவிலோ பஸ் ஏறியவர்கள். தாங்க முடியாத பை, கால் கொப்புளம், உயரத்துக்கு உடம்பு பழகும் முன்பே காட்டிய வேகம் என்று காரணங்கள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். பின்னால் வரும் பெரிய கணவாய்கள் அவர்களைத் தோற்கடிக்கவில்லை, அந்தக் கணவாய்களை அவர்கள் பார்க்கவே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையின் பாதிக்கு மேல் வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றியும் முதல் சில நாள்களைப் பற்றியும்தான் இருக்கும்.

எப்போது, எந்தத் திசையில்

ஜூலை மத்தியிலிருந்து செப்டம்பர் மத்தி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் போனால் கணவாய்களின் வடக்குச் சரிவில் பனி கிடக்கும், ஓடைகள் பொங்கி ஓடும். 2023 போலப் பனி அளவுக்கு மீறிக் கொட்டிய வருடங்களில் ஜூலையிலும் அதே கதைதான். ஜூலை முழுக்கக் கொசு. அது கொஞ்சநஞ்சக் கொசு இல்லை, தலைக்குக் கொசுவலை போடாமல் நின்று சாப்பிட முடியாது. ஆகஸ்டில் கொசு குறைந்துவிடும், ஆனால் காட்டுத்தீப் புகை வரலாம். செப்டம்பரில் வானம் தெளிவு, கூட்டம் குறைவு, ஆனால் இரவுக்குளிர் ஏறிவிடும், வழியில் சாமான் வைத்துக் கொடுக்கும் இடங்களும் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் முதல் பாதி.

திசை என்றால், வடக்கிலிருந்து தெற்கு. அப்படி நடந்தால் பெரிய கணவாய்கள் பெரும்பாலும் உயர்ந்துகொண்டே போகும்: 11,000 அடியை ஒட்டிய டொனஹூ, 11,955 அடியில் மியூர், 12,100 அடியில் மேதர், 13,153 அடியில் ஃபாரஸ்டர். உடம்பும் கூடவே பழகிக்கொண்டு வரும். தெற்கிலிருந்து வடக்கே போக அனுமதி எளிதாகக் கிடைக்கிறது என்று சிலர் காட்டன்வுட் பக்கமிருந்து தொடங்குகிறார்கள். அங்கே காரை விட்டு இறங்கும் இடமே ஏறக்குறைய 10,000 அடி. பத்து நாள் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு, பழகாத உடம்போடு, மிக உயர்ந்த பகுதியை முதல் வாரத்திலேயே ஏற வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு சின்னப் பயணம்

மூன்று வாரம் லீவு கிடைத்த வருடத்தில்தான் முதன்முதலாகப் பையைத் தூக்குவேன் என்று இருக்காதீர்கள். அதற்கு முன் இரண்டு விஷயங்கள் நடந்திருக்க வேண்டும்.

ஒன்று, ஒரே ஓர் இரவு வெளியே தங்கும் பயணம். பாயின்ட் ரேய்ஸ் கடற்கரையோர முகாம்களோ ஹென்றி கோ பூங்காவோ போதும். டென்ட் போட எவ்வளவு நேரம் ஆகிறது, ஸ்டவ் காற்றில் நிற்கிறதா, தரையில் படுத்தால் தூக்கம் வருகிறதா, ராத்திரி ஏதோ உரசும் சத்தம் கேட்டால் மனசு என்ன செய்கிறது என்பதெல்லாம் அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து, தொடாமலேயே திரும்பி வந்த பொருள்களைத் தனியாக வையுங்கள். மருந்துப் பெட்டியும் மழைச்சட்டையும் தவிர அந்தக் குவியலில் இருக்கும் எதுவும் அடுத்த முறை வரக்கூடாது.

இரண்டாவது, அதே பாதையில் ஒரு துண்டு. டுவாலமி மெடோஸிலிருந்து ரெட்ஸ் மெடோ வரை ஏறக்குறைய 36 மைல், நான்கு நாள். லயல் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகச் சமதளத்தில் போய், டொனஹூ கணவாய் ஏறி, தௌசண்ட் ஐலண்ட் ஏரிக்கு இறங்குவீர்கள். மொத்தப் பாதையில் இருக்கும் எல்லாம் இந்த நான்கு நாளில் ஒரு சிட்டிகை வந்துவிடும். இதை முடித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக முழுப் பாதைக்கு விண்ணப்பியுங்கள். இதோடு போதும் என்று தோன்றினாலும் நஷ்டமில்லை, சியராவின் மிக அழகான பகுதிகளில் ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள்.

உடற்பயிற்சிக்கு ஃப்ரீமான்ட்காரர்கள் மிஷன் பீக்கை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். மூன்று மைலில் சுமார் 2,000 அடி ஏற்றம், நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டில்களை நிரப்பிப் பையில் வைத்து, வாரம் ஒருமுறை, நிஜமாகப் போடப்போகும் அதே ஷூவோடு ஏறி இறங்குங்கள். முக்கியமாக இறங்குங்கள். தொடை நடுங்குவதும் முட்டி வலிப்பதும் இறக்கத்தில்தான். ஜிம்மில் ட்ரெட்மில் எவ்வளவு ஓடினாலும் இறக்கம் பழகாது.

பெர்மிட்

பலருக்குப் பயணம் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். யோசெமிட்டியில் தொடங்க விரும்பினால் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் 24 வாரங்களுக்கு முன்பே குலுக்கலில் விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் உட்கார வேண்டும் என்று கணக்கு. பெரும்பகுதி இடங்கள் குலுக்கலில் போய்விடும், மீதியைத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு திறப்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் பூங்காவின் தளத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். விண்ணப்பத்தில் தொடங்கும் இடங்களின் பட்டியல் வரும். அதில் "டொனஹூ கணவாய் கடக்கலாம்" என்று குறித்திருக்கும் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் யோசெமிட்டிக்குள் நடக்கலாம், தெற்கே தாண்ட முடியாது. அடுத்தது, முதல் இரவு எங்கே தங்கலாம் என்பதும் அந்த வகையைப் பொறுத்தே மாறும். ஹேப்பி ஐல்ஸ் கிடைக்காவிட்டால் லயல் பள்ளத்தாக்கு வழியாக டுவாலமியில் தொடங்குவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சுமார் 20 மைல் மட்டுமே குறையும், அதற்குப் பதிலாகப் பள்ளத்தாக்கிலிருந்து வெயிலில் ஏறும் மிகக் கடினமான முதல் நாள் மிச்சமாகும்.

யோசெமிட்டியே கிடைக்கவில்லையா? மாமத் லேக்ஸ் பக்கம் இருக்கும் தொடக்கங்களை இன்யோ தேசியக் காடு நிர்வகிக்கிறது. அதற்கு ஆறு மாதம் முன்பு ஒரு பகுதியும் இரண்டு வாரம் முன்பு மீதியும் திறக்கும். அங்கிருந்து தெற்கே நடந்தால் பாதையின் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

கையோடு கலிஃபோர்னியாவின் நெருப்பு அனுமதியும் வாங்கிவிடுங்கள். ஸ்டவ் பற்றவைக்கவே அது வேண்டும். இலவசம், இணையத்திலேயே சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

பையின் கனம்

சாப்பாடு, தண்ணீர், எரிவாயு மூன்றையும் எடுத்துவிட்டு மீதியை எடை போடுங்கள். அது 8 கிலோவுக்குள் இருந்தால் நிம்மதி. 10 கிலோவைத் தாண்டினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து உங்கள் உடல் எடையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. 60 கிலோ இருப்பவர் 15 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது.

குறைக்க வேண்டிய இடம் மூன்று பெரிய பொருள்களில்: பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மூன்று கிலோ டென்டை ஒன்றேகால் கிலோ டென்டாக மாற்றினால் தோள் அன்றைக்கே சொல்லும். இவை விலை அதிகம், அதனால் முதல் பயணத்துக்கு வாடகைக்கு எடுங்கள், நண்பர்களிடம் கேளுங்கள். பையை மட்டும் எல்லாப் பொருளையும் வாங்கிய பிறகு கடைசியில் வாங்குங்கள். முதலில் பெரிய பையை வாங்கிவிட்டால் அதை நிரப்பத்தான் கை போகும்.

ஸ்லீப்பிங் பேக்கில் சிக்கனம் வேண்டாம். 11,000 அடியில் ஆகஸ்ட் இரவும் உறைநிலையைத் தொடும். நம்மில் குளிர் தாங்காதவர்கள் அதிகம். மைனஸ் 7 டிகிரிக்கு என்று குறிப்பிட்டது இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அடியில் விரிக்கும் பாய் அதைவிட முக்கியம். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும்.

துணியில் பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, காயாத துணி உயரத்தில் ஆபத்து. நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், இறகு அடைத்த ஒரு டவுன் ஜாக்கெட், ஒரு மழைச்சட்டை, மூன்று ஜோடிக் கம்பளிச் சாக்ஸ், தொப்பி, கையுறை. போதும்.

தண்ணீரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. இந்தப் பாதையில் கோடையில் ஓடையும் ஏரியும் அடிக்கடி வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதனால் வரைபடத்தில் அடுத்த ஓடை எங்கே என்று பார்த்து, ஒரு லிட்டரோடு நடந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். ஜியார்டியா என்ற கிருமி வயிற்றை வாரக்கணக்கில் படுத்தும். ராத்திரி வடிகட்டியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் உறைந்தால் அது கெட்டுவிடும், கெட்டது வெளியே தெரியவும் தெரியாது.

சாப்பாடும் கரடி டப்பாவும்

இங்கே இருப்பது கருங்கரடி மட்டும். அது உங்களைத் தேடி வராது, உங்கள் சாப்பாட்டைத் தேடி வரும். அதனால் வாசனை உள்ள எல்லாமே கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். யோசெமிட்டியில் துணிப்பை வகை ஏற்கப்படாது. எல்லாமே என்றால் பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பை, பெருங்காய டப்பா எல்லாமேதான். பெர்மிட் வாங்கும் இடத்திலேயே டப்பாவை வாடகைக்குத் தருகிறார்கள். பலர் வாங்கும் பெரிய அளவு 11.5 லிட்டர் பிடிக்கும், வெறுமையாகவே ஒரு கிலோவுக்கு மேல். ராத்திரி மூடி, டென்டிலிருந்து தள்ளி, ஓடைக்கோ சரிவுக்கோ பக்கத்தில் இல்லாமல் தரையில் வைக்க வேண்டும். கரடி உருட்டினால் ஓடிப் போய்விடக்கூடாது.

இந்த டப்பாவின் கொள்ளளவுதான் உங்கள் பயணத்தின் அட்டவணையைத் தீர்மானிக்கிறது. வழியில் சாப்பாடு நிரப்பிக்கொள்ள நான்கு இடங்கள்: டுவாலமி மெடோஸ், ரெட்ஸ் மெடோ, எடிசன் ஏரிக்கரையில் வெர்மிலியன் வேலி ரிசார்ட், பாதிவழியில் மியூர் ட்ரெயில் ராஞ்ச். கடைசியாகச் சொன்ன இடத்துக்கு 5 காலன் பிளாஸ்டிக் வாளியில் சாமானை அடைத்து, வாரங்களுக்கு முன்பே தபாலில் அனுப்ப வேண்டும். காரணம் அங்கே சாலை கிடையாது, சாமான் படகிலும் வண்டியிலும் கோவேறு கழுதையிலும் வந்து சேர வேண்டும். கட்டணம் அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். அதற்குப் பிறகு விட்னி போர்ட்டல் வரை 110 மைலுக்கு மேல் கடையே கிடையாது.

அந்த 110 மைல்தான் கணக்கின் முடிச்சு. நாளைக்கு 12 மைல் வைத்தால் ஒன்பது, பத்து நாள் சாப்பாடு. டப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு ஏழெட்டு நாள்தான் அடங்கும். முதல் நாள் சாப்பாடு டப்பாவுக்கு வெளியே இருக்கலாம், இருட்டுவதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். அப்படியும் போதாது என்றால், பாதையிலிருந்து கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஒனியன் வேலிக்கு இறங்கி, இன்டிபென்டன்ஸ் ஊருக்குப் போய் நிரப்பிக்கொண்டு திரும்பி ஏறலாம். கூடுதலாக 15 மைல் ஆகும். ஆனால் நடுவில் ஒரு குளியல், ஒரு கட்டில், வயிறார ஒரு சாப்பாடு கிடைக்கும். புதியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பத்து நாள் சுமையோடு மேதர் கணவாய் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, என்ன கொண்டுபோவது? கடையில் விற்கும் உறைஉலர் (ஃப்ரீஸ்-ட்ரைட்) உணவுப் பாக்கெட்டுகள் விலையும் அதிகம், சைவத்தில் வகையும் குறைவு, நான்காம் நாள் எல்லாம் ஒரே ருசி. நம் அடுக்களையே இதற்கு ஏற்றது. 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பச்சை அரிசியும் பருப்பும் லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். வேகவைக்கத் தேவையில்லாததை எடுங்கள். அவல் அதில் முதலிடம். வெந்நீர் ஊற்றி மூடி வைத்து, புளிக்காய்ச்சலும் வறுத்த வேர்க்கடலையும் ஒரு ஸ்பூன் நெய்யும் போட்டால் ஐந்து நிமிடத்தில் புளி அவல். வீட்டிலேயே நெய்யில் ரவையை வறுத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, உப்பும் காய்ந்த இஞ்சியும் சேர்த்து வைத்தால் வெந்நீர் மட்டும் ஊற்றி உப்புமா. சாம்பாரைக் கெட்டியாக வைத்து உலர்த்தும் கருவியில் தாள் போலக் காயவைத்துப் பொடித்தால், ஒரு கைப்பிடியில் ஒரு வேளை முடியும். காலைக்குச் சத்துமாவுக் கஞ்சி. நடக்கும்போது கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி. ராத்திரி கணவாய் அடிவாரத்தில் கை விறைக்கும் குளிரில் ஒரு டம்ளர் ரசம் குடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுதிப் புரியவைக்க முடியாது.

எடைக்கு எது எவ்வளவு சக்தி தருகிறது என்று பாருங்கள். அவலும் அரிசியும் கிராமுக்கு மூன்றரைக் கலோரி, கடலையும் முந்திரியும் ஐந்தரைக்கு மேல், நெய் ஒன்பதுக்குப் பக்கம். நாளைக்கு 3,000 கலோரி என்று கணக்குப் போட்டால் 700 கிராமில் முடித்துவிடலாம், நெய்யும் கொட்டைகளும் தாராளமாக இருந்தால் மட்டும். நெய்யை இறுக்க மூடும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அதை இன்னொரு பைக்குள் போட்டு வையுங்கள். பகலில் உருகி டப்பா முழுக்க வழிந்தால் பத்து நாளும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடைக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஊசியால் ஒரு சின்ன ஓட்டை போட்டுக் காற்றை வெளியேற்றி, ஓட்டையை டேப்பால் ஒட்டுங்கள். கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. ஓரங்களில் அவலைப் பரப்பி அழுத்தினால் பாக்கெட்டுகளுக்கு நடுவில் இடைவெளியே இருக்காது.

முதல் மூன்று நாள்

ஹேப்பி ஐல்ஸில் தொடங்குகிறீர்கள் என்றால், முந்தைய இரவை டுவாலமி போல உயரமான இடத்தில் கழிக்க முடிந்தால் கழியுங்கள். முதல் நாள் ஆறேழு மைல் போதும். விடிவதற்கு முன்பே கிளம்பினால் வெயில் ஏறும்முன் நெவாடா அருவியைத் தாண்டிவிடலாம். பேச்சு மூச்சு வாங்காமல் வர வேண்டும், அதுதான் சரியான வேகம். பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

8,000 அடிக்கு மேல் லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கலைவது எல்லாம் வரலாம். தண்ணீர் குடித்து, அதே உயரத்தில் ஓர் இரவு கூடுதலாக இருந்தால் சரியாகும். ஆனால் வாந்தி நிற்காமல் வந்தாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். இதில் வேறு யோசனையே கூடாது.

பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொப்புளம் திடீரென்று வராது. அதற்கு முன் ஒரு மணி நேரமாவது குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஒரு சூடு தெரியும். "அடுத்த ஓடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது அப்போதுதான். அப்படித் தள்ளிப்போடக்கூடாது, அங்கேயே நிற்க வேண்டும். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி, காலைக் காற்றில் உலரவிட்டு, சிவந்த இடத்தில் லூக்கோடேப்பை ஒட்டுங்கள். ஓரங்களை வட்டமாக வெட்டி ஒட்டினால் சாக்ஸில் உரசிப் பிரியாது. இதற்கு ஆகும் பத்து நிமிடம் பத்து நாளைக் காப்பாற்றும். ஷூ உங்கள் வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும், இறக்கத்தில் விரல் முன்னே போய் இடித்தால் நகம் கறுத்துவிடும். மதியம் ஒருமுறை ஓடையில் காலை நனைத்து சாக்ஸை மாற்றிக்கொள்ளுங்கள், கழற்றியதைப் பையின் வெளியே தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எட்டு மைலைத் தாண்ட வேண்டாம். நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் வேண்டாம். முழங்கால் தசைநார்கள் நுரையீரலைவிட மெதுவாகப் பழகும். ஐந்தாம் நாளிலிருந்து பத்து, பன்னிரண்டு மைல் தானாக வரும்.

கணவாய் நாள்கள்

முந்தைய மாலை கணவாய்க்கு எவ்வளவு பக்கமாகத் தங்க முடியுமோ அவ்வளவு பக்கமாகத் தங்கி, காலையில் சீக்கிரம் கிளம்பி, 12 மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும். கோடையில் சியராவில் மதியத்துக்குப் பிறகு மேகம் திரண்டு இடி மின்னல் வரும். மேலே மரமே கிடையாது, சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். பத்து மணிக்கே மேகம் கோபுரம் போல எழும்பத் தொடங்கினால் ஏறாமல் கீழேயே காத்திருங்கள். மியூர் கணவாயின் மேல் 1930-இல் கட்டிய கல் குடிசை ஒன்று உண்டு. மழையில் சற்று ஒதுங்கலாம், தங்குவதற்கு அனுமதி இல்லை.

ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணாதீர்கள், குறுக்கு வழியில் ஏறி வெட்டாதீர்கள். பாதை பெயர்ந்து மண் சரிவதற்கு அதுதான் காரணம். சின்னச் சின்ன அடியாக, நிற்காமல் போவது, வேகமாக ஏறி நின்று மூச்சு வாங்குவதைவிடச் சீக்கிரம் கொண்டுசேர்க்கும். மேதர் கணவாய்க்கு முன்னால் வரும் தங்கப் படிக்கட்டு என்ற பகுதியைப் பாறையைக் குடைந்து 1938-இல் முடித்தார்கள். மொத்தப் பாதையில் கடைசியாகக் கட்டிய துண்டு அது. அந்த வளைவுகளில் ஏறும்போது அடுக்கியிருக்கும் கற்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள், இயந்திரம் எட்டாத இடத்தில் கையால் வைத்த கற்கள்.

ஓடைகளில் பேர் கிரீக், எவல்யூஷன் கிரீக் இரண்டும் பனி உருகும் காலத்தில் கவனிக்க வேண்டியவை. உருகிய நீர் மதியத்துக்கு மேல் ஏறும், விடியலில் இறங்கியிருக்கும். அதனால் காலையில் கடக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு, ஷூவோடு, கம்பை நீரோட்டத்துக்கு எதிராக ஊன்றி இறங்குங்கள். தொடைக்கு மேல் வேகமான தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள், அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். கார்மின் இன்ரீச் போன்றவற்றை வாடகைக்கும் எடுக்கலாம். வீட்டில் ஒருவரிடம் உங்கள் அட்டவணையையும் பெர்மிட் நகலையும் கொடுத்து, "எத்தனை நாள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குத் தினமும் ஒரு வரி போனால் அவர்களும் தூங்குவார்கள். கருவியில் வானிலையும் புகை பற்றிய செய்தியும் கேட்டு வாங்கலாம். 2020 செப்டம்பரில் க்ரீக் ஃபயர் என்ற காட்டுத்தீ பரவியபோது நடுப்பகுதியில் இருந்தவர்கள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். அதனால் வரைபடத்தில் பாதையோடு சேர்த்து, ஒவ்வொரு நாளும் கிழக்கேயோ மேற்கேயோ வெளியேற எந்தப் பக்கப்பாதை இருக்கிறது என்றும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காடு அப்படியே இருக்க

மலம் கழிக்கப் பாதை, முகாம், தண்ணீர் எல்லாவற்றிலிருந்தும் 200 அடியாவது தள்ளிப் போய், ஆறு முதல் எட்டு அங்குலம் குழி தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் புதைக்கக்கூடாது, ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கழுவிப் பழகியவர்களுக்கு இது எளிது: தனியாக ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், ஓடையை விட்டுத் தள்ளி. காகிதமே தேவைப்படாது. விட்னி மலைப் பகுதியில் மட்டும் குழி தோண்டவும் அனுமதி இல்லை, அதற்கென்று தரும் பையில் கட்டிக் கீழே எடுத்துவர வேண்டும். பாறை மட்டுமே இருக்கும் இடத்தில் ஒரு கோடைக்கு ஆயிரக்கணக்கானோர் போனால் வேறு வழி என்ன இருக்கிறது?

பாத்திரத்தையும் உடம்பையும் ஏரிக்குள் கழுவாதீர்கள், சோப்பு மக்கும் வகையாக இருந்தாலும் கூடாது. 10,000 அடிக்கு மேல் பெரும்பாலான பகுதிகளில் விறகு நெருப்பு தடை.

கடைசி நாளும் வீடு திரும்புவதும்

பெரும்பாலானவர்கள் கடைசி இரவைக் கிட்டார் ஏரிக்கரையில், சுமார் 11,500 அடியில் கழிக்கிறார்கள். உச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் இரவு இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், நெற்றி விளக்குக்குப் புது பேட்டரி போட்டு வையுங்கள். உச்சிக்கு இரண்டு மைல் முன் ஒரு சந்திப்பில் எல்லோரும் பையை வைத்துவிட்டு ஏறுவார்கள். தண்ணீர், ஜாக்கெட், மழைச்சட்டை மூன்றையும் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மார்மட் என்ற பெரிய கொறிப்பான்கள் உண்டு, வியர்வை உப்புக்காகப் பையின் பட்டையைக்கூடக் கடிக்கும். சாப்பாட்டு டப்பாவைப் பையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைத்து, பையின் ஜிப்புகளைத் திறந்துவிட்டுப் போங்கள், ஓட்டை போடாமல் இருக்கும்.

உச்சியிலிருந்து விட்னி போர்ட்டலுக்கு இறங்குவது 6,000 அடிக்கு மேல். களைத்த காலோடு அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், முழு நாள் ஒதுக்குங்கள். அங்கிருந்து லோன் பைன் ஊர் 13 மைல், பெரும்பாலும் யாராவது காரில் ஏற்றிக்கொள்வார்கள். லோன் பைனிலிருந்து மாமத், ரீனோ பக்கம் ஈஸ்டர்ன் சியரா ட்ரான்ஸிட் பஸ் போகிறது, ஆனால் எல்லா நாளும் ஓடாது. வெள்ளிக்கிழமை இரவு இறங்கி வார இறுதியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கிளம்பும் முன்பே அட்டவணையைப் பாருங்கள். நண்பர் யாராவது காரில் அழைக்க வருவதாக இருந்தால் ஒரு நாள் தள்ளியே வரச் சொல்லுங்கள், மாற்றுச் செருப்பும் ஒரு பருத்திச் சட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தொடங்கும் பக்கத்துக்குக் காரே வேண்டாம். மெர்செட் வரை ரயில், அங்கிருந்து யார்ட்ஸ் பஸ் உங்களை யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே இறக்கிவிடும்.